கடைக்காலோடு நிற்கும் வீடுகளுக்கு நம் வெள்ளி

கேள்வி இதுதான். அறந்தாங்கிப் பக்கத்து ஊர்க்காரர்கள் 38 பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டு, ஊரில் இன்னும் கீற்றுக் கொட்டகையில் இருக்கும் குடும்பங்களுக்கு வீடு அமைத்துத் தர நினைக்கிறார்கள். "வருஷத்துக்கு ரெண்டு வீடு முழுசாகக் கட்டிக் கொடுக்கலாமா, ஏதாவது ஒரு அறக்கட்டளையிடம் பணத்தை ஒப்படைக்கலாமா, இல்லை வட்டியில்லாக் கடனாகத் தரலாமா? சட்டப்படி எதில் சிக்கல் வராது, அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் இங்கே கட்டுமானத் துறையில் செலவுக் கணக்குப் போடும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் நிதிக்கும் கணக்கு நான்தான் பார்க்கிறேன். நாங்கள் முதலில் தப்பாகச் செய்து, அப்புறம் திருத்திக்கொண்டவர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு வீடு கட்டித் தர வேண்டாம். அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தும் பணம் போதாமல் கடைக்காலோடும் (அஸ்திவாரம்), லிண்டலோடும் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் மட்டம்) நிற்கிற வீடுகள் உங்கள் ஊரிலேயே இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கிற பணமாக உங்கள் பணம் இருக்கட்டும். கொடுத்தது திரும்பி வந்து அடுத்த வீட்டுக்குப் போகட்டும். யாருக்குக் கொடுப்பது என்பதை ஊரில் இருக்கும் மகளிர் குழுக்கள் முடிவு செய்யட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை மொத்தமும் சாய்ந்தது, கீற்று வீடுகள் பலவும் சரிந்தன. இங்கே தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 20 பேர் கூடினோம், சில வாரங்களில் பணம் சேர்ந்துவிட்டது. ஆறு வீடுகள் கட்டுவது என்று முடிவெடுத்து, ஒரு ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்தோம். பாதிக்கு மேல் முன்பணமாக வாங்கிக்கொண்டார். நாலு வீடு முடிந்தது. ரெண்டு வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுபோனது, ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த ரெண்டில் ஒன்று, தனியாக இருக்கும் ஒரு அப்பத்தாவின் வீடு. பழைய கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் புது வீட்டுக்குக் கடைக்கால் எடுத்திருந்தோம். ரெண்டு மழைக்காலம் அவர் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார். நாங்கள் உதவிக்குப் போகாமல் இருந்திருந்தால் அவருக்கு அந்தக் கொட்டகையாவது மிஞ்சியிருக்கும். இதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

முடிந்த நாலு வீட்டிலும் ஒன்றில் பிரச்சினை. மனை யார் பெயரில் இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. பட்டா பெரியப்பா பெயரில் இருந்தது. வீடு எழும்பியதும் பங்காளித் தகராறு வந்துவிட்டது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரம் முழுக்க தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டின. தமிழ்நாடு அரசு 2005 மார்ச்சில் வெளியிட்ட ஆணையில் வீட்டின் அளவு சுமார் 300 முதல் 325 சதுர அடி, செலவு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய், பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் என்று தெளிவாக வரையறுத்திருந்தது. அந்த இருவர் பெயர் விதி மிக நல்ல விதி. ஆனால் கட்டும் வேகத்தில் சில ஊர்களில் நிழல் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்து, மனையை மட்டப்படுத்தி, வரிசை வரிசையாகப் பெட்டி வீடுகளை நிறுத்தினார்கள். மீனவர்களுக்கு வலை பின்னவும் மதியத்தில் படுக்கவும் இருந்த நிழல் போய்விட்டது. கட்டிக் கொடுப்பவர் முடிவெடுக்கும்போது இப்படித்தான் நடக்கும். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் போருக்குப் பிறகு இந்திய அரசு கட்டித் தந்த 50,000 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் 46,000, மலையகத்தில் 4,000. முதலில் ஆயிரம் வீடுகளை முன்னோட்டமாக ஒப்பந்ததாரர் வழியே கட்டினார்கள். அதற்கப்புறம் வடக்கு கிழக்கில் முறையையே மாற்றி, ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாயை வீட்டுக்காரர் கணக்கிலேயே தவணை தவணையாகப் போட்டார்கள். எந்தக் கொத்தனார், எங்கே சமையலறை, எந்தப் பக்கம் வாசல் என்று குடும்பமே முடிவு செய்தது. அந்த முறை நல்ல முறை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதிலும் ஒரு வலி இருந்தது. தொகை போதாமல் பல குடும்பங்கள் கடனில் விழுந்தன. நகை அடகுக்குப் போனது. நான் சொல்லும் இடைவெளி என்பது இதுதான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் 2016ல் வந்தது. அதற்கு முன் 1985 முதல் இருந்த இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டத்தின் இடத்தில் வந்தது இது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப் பகுதியில் 1,30,000. மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. குறைந்தது 25 சதுர மீட்டர் வீடு. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தனியாகவும் பணம் சேர்க்கிறது. அப்புறம் 2024 பட்ஜெட்டில் கலைஞர் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள், முதல் வருஷம் ஒரு லட்சம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. கிராமத்தில் எல்லாவற்றையும் சேர்த்துத் 'தொகுப்பு வீடு' என்றுதான் சொல்வார்கள். எந்தத் திட்டம் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

இந்தத் திட்டங்களில் பணம் வேலை முடிந்த பிறகுதான் வரும். கடைக்கால் எடுத்து பேஸ்மட்டம் போட்டு முடித்தால், ஓவர்சியர் வந்து பார்த்து, படம் எடுத்து, பில் போட்டு, அப்புறம் ஒரு தவணை. லிண்டல் வந்ததும் ஒன்று, கூரை போட்டதும் ஒன்று, முழுக்க முடிந்ததும் மிச்சம். அரசுப் பணம் வீணாகாமல் இருக்க அந்த முறை தேவைதான். ஆனால் கையில் பத்தாயிரம்கூட இல்லாத குடும்பம் முதல் பேஸ்மட்டத்தை எதை வைத்துப் போடும்? அங்கேதான் கந்துவட்டிக்காரர் வருகிறார், அல்லது நுண்கடன் நிறுவனத்து ஆள் வாரா வாரம் வாசலில் வந்து நிற்கிறார். தவணை ரெண்டு மாதம் தள்ளிப்போனால் அந்த வட்டியிலேயே வீட்டின் ஒரு சுவர் போய்விடும். சிலர் ஆணை கையில் வந்தும் வேலையைத் தொடங்கவே பயந்து விட்டுவிடுகிறார்கள்.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 38 பேர், மாதம் 50 வெள்ளி என்றால் மாதம் 1,900, வருஷத்துக்கு 22,800 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 14,82,000 ரூபாய். 360 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒப்பந்தக்காரரிடம் விட்டால் 7,20,000. ஆக வருஷத்துக்கு ரெண்டு வீடு. நீங்கள் சொன்ன கணக்கு சரிதான். பத்து வருஷம் விடாமல் போட்டால் இருபது வீடு.

இன்னொரு விதமாகப் பாருங்கள். கனவு இல்லத்தில் பெயர் வந்த ஒரு குடும்பத்துக்கு மூன்றரை லட்சம் அரசிடமிருந்து வரும். வீட்டுக்காரரும் மகன்களும் சித்தாள் வேலை பார்த்து, கொத்தனாரை மட்டும் கூலிக்கு வைத்து, பழைய கதவு ஜன்னலைப் பயன்படுத்தினால் அதே வீட்டை ஐந்தரை லட்சத்துக்குள் முடிக்கலாம். எங்கள் ஊரில் முடித்திருக்கிறோம். குறைவது ரெண்டு லட்சம். அதில் ஒரு லட்சத்தைக் குடும்பம் எப்படியோ புரட்டிவிடும். மீதி ஒரு லட்சத்தை உங்கள் நிதி வட்டியில்லாமல் கொடுக்கிறது. மாதம் 2,000 ரூபாய் வீதம் 50 மாதத்தில் திரும்பி வரும். இப்படி ஏழு குடும்பத்துக்கு ஏழு லட்சம். அது தவிர மூன்று லட்சத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, பேஸ்மட்டம் போட முன்பணமாக ஆளுக்கு 75,000 என்று நாலு பேருக்குக் கொடுங்கள். அரசுத் தவணை வந்ததும் அது திரும்ப வரும், அடுத்த மூன்று பேருக்குப் போகும். இன்னொரு மூன்று லட்சம் தானமாக. மிச்சம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம் கையிருப்பு. முதல் வருஷமே ஏழு வீடு. ரெண்டாம் வருஷம் நீங்கள் போடும் பணத்தோடு திரும்பி வரும் 1,68,000மும் சேரும், அந்த மூன்று லட்சம் மறுபடியும் சுற்றும்.

இந்தக் கணக்கு காகிதத்தில் இருக்கும் அளவுக்கு ஊரில் சீராக நடக்காது. தவணை தாமதமாகும், மழையில் வேலை நிற்கும், யாராவது ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். கையிருப்பு என்று ஒதுக்கச் சொன்னது அதற்காகத்தான். அதில் கை வைக்காதீர்கள்.

தானமாக மூன்று லட்சம் என்று ஏன் சொன்னேன்? கடன் கொடுக்கவே கூடாத குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் இல்லாத முதியவர், படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்கும் பெண். இவர்களிடம் மாதம் 2,000 கேட்பது பாவம். இவர்களுக்குப் பணமாகக் கொடுக்காமல் வேலையாகவே முடித்துக் கொடுங்கள். அந்த அப்பத்தாவின் வீட்டைக் கடைசியில் எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்கள்தான் முடித்தார்கள். கொத்தனாரைப் பிடித்து, மணலுக்குச் சொல்லி, மூணு வாரத்தில் கூரை போட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு நாங்கள் ஒன்றரை வருஷம் போனில் கத்தியும் நடக்காதது அது.

அதிலிருந்துதான் எனக்கு மகளிர் குழுக்கள் மேல் இந்த நம்பிக்கை வந்தது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989ல் தர்மபுரியில் தொடங்கி வளர்ந்தவை. 1992ல் நபார்டு வங்கி இவற்றை வங்கிக் கடனோடு இணைத்தது. உங்கள் ஊராட்சியிலும் கட்டாயம் இருக்கும். எல்லாக் குழுவுக்கும் மேலே ஊராட்சி அளவில் ஒரு கூட்டமைப்பும் இருக்கும். அவர்களுக்குத் தீர்மானப் புத்தகம், சந்தா, உள்கடன் (குழுப் பணத்தில் உறுப்பினருக்குத் தரும் கடன்), தவணை தவறினால் என்ன செய்வது எல்லாம் கைவந்த பழக்கம். சுழல்நிதி, அதாவது திரும்பி வந்து மறுபடி கடனாகப் போகும் பணம், அந்தச் சொல்லை அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை. யார் வீட்டில் நிஜமாகவே கஷ்டம், யார் ஊருக்கு ஏழை போல் நடிக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு நம் பங்காளி சொல்வதுதான் தெரியும்.

இந்த முறை எங்கேயாவது நடந்திருக்கிறதா என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டால், பங்களாதேஷைச் சொல்லுங்கள். கிராமீன் வங்கி 1984ல் ஏழைப் பெண்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்கத் தொடங்கியது. நாலு கான்கிரீட் தூண், தகரக் கூரை, ஒரு கழிப்பறை. சுவரை அவர்கள் வசதிப்படி எழுப்பிக்கொள்ளலாம். வெள்ளம் வந்து சுவர் போனாலும் தூணும் கூரையும் நிற்கும். கடன் வாங்கும் பெண்ணின் பெயரில் மனை இருக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். 1989ல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது அந்த வீட்டுத் திட்டத்துக்குக் கிடைத்தது. அந்த மனை விதியை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டியும் இதே மாதிரிதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறத்தில் ஒரு பண்ணையில் பிறந்த யோசனை அது. லாபமில்லாத கடன், வீட்டுக்காரரின் உடலுழைப்பு, திரும்பி வரும் பணத்தில் அடுத்த வீடு. இங்கே சிங்கப்பூரிலும் அவர்களுக்குக் கிளை இருக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது நம் ஊர் மொய் விருந்துதான். உங்கள் ஊருக்கும் அது புதிதில்லை. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் ஆடி ஆவணி வந்தால் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, மொய் நோட்டு எழுதுவோம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. எழுதியவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புது நடையும் (புதிதாக எழுதும் மொய்) போட வேண்டும். எத்தனை வீடுகள் அந்தப் பணத்தில் எழும்பின, எத்தனை ஆழ்குழாய்க் கிணறு இறங்கியது! கஜாவில் தென்னை போனபிறகு மொய் குறைந்ததும் உண்மை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடி விழுந்தால் ஊருக்குள்ளேயே சுற்றும் பணம் வற்றிவிடும். அந்த மாதிரி நேரத்தில் வெளியிலிருந்து வரும் பணம் தேவைப்படுகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அங்கேதான் இடம்.

அதனால் எங்கள் நிதியில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வட்டி வாங்குவதில்லை. எங்களோடு கோட்டைப்பட்டினத்து முஸ்லிம் நண்பர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், வட்டி என்றால் அவர்கள் சேர மாட்டார்கள். கடன் முடியும்போது அந்தக் குடும்பம் விருப்பப்பட்டால் மொய் போல மேலே ஒரு தொகை வைக்கலாம். கட்டாயம் இல்லை. இதுவரை வைக்காதவர்கள் ரெண்டே பேர்தான். தவணையும் மாதா மாதம் ஒரே அளவு என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. சம்பா அறுவடை முடியும் தை மாசியில் கூடக் கட்டலாம், வேலை இல்லாத சித்திரை வைகாசியில் விடலாம்.

பொது நன்மைக்குப் பணம் ஒதுக்குவது நமக்குப் புதிதில்லை. செட்டியார்களும் நாடார்களும் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்தார்கள். காமராசர் படித்த விருதுநகர்ப் பள்ளி, 1889ல் தொடங்கியது, வீடு வீடாகப் பிடியரிசி வாங்கி வளர்ந்தது. இந்தச் சிங்கப்பூரிலேயே 1941ல் கடையநல்லூர்க்காரர்கள் தங்கள் சங்கத்தை அமைத்து, 1946ல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியையே நடத்தினார்கள். ஊர்ச் சங்கம் என்பது எவ்வளவு பெரிய காரியம் செய்ய முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட சட்டம். இதில் கவனமாக இருங்கள், நல்ல எண்ணம் என்பதற்காக எந்த அலுவலகமும் விட்டுவிடாது.

முதலில் இங்கே. சிங்கப்பூரில் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 38 பேர் பெயர் வைத்து, தலைவர் செயலாளர் போட்டு நடத்தப்போகிறீர்கள் என்றால் அதை முதலில் செய்யுங்கள். அடுத்தது, வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படித் திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. தனிப்பட்ட நன்கொடையாளர்கள், பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு ஆணையர் தளர்த்தலாம். ஆகவே கடைகளில் உண்டியல் வைப்பது, முகநூலில் வேண்டுகோள் போடுவது, விடுதி விடுதியாகப் போய் வாங்குவது எதையும் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். இந்தப் பணத்துக்கு இங்கே வருமான வரிக் கழிவும் கிடைக்காது, அந்த 250 விழுக்காடு கழிவு உள்ளூர்ப் பொதுநல அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு மட்டும். அப்புறம் சிலர் சீட்டுப் பிடித்து அதில் வரும் தள்ளுபடியை ஊருக்குக் கொடுக்கலாம் என்பார்கள். வேண்டவே வேண்டாம். சீட்டுக்கு இங்கே 1971 முதல் தனிச் சட்டமே இருக்கிறது, உரிமம் இல்லாமல் நடத்துவது குற்றம்.

இந்தியப் பக்கம்தான் பலருக்கும் தெரியாதது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்கள், 2010ல் வந்து 2020ல் கடுமையாக்கப்பட்டது. உங்கள் 38 பேரில் யார் கையில் எந்தக் கடவுச்சீட்டு என்பதுதான் முதல் கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், இங்கே நிரந்தரவாசியாக இருந்தாலும் சரி, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர் கொடுத்தால் ஆகும், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) இருந்தாலும் ஆகும். இன்னும் ஒரு முக்கியமான விஷயம்: எல்லாருடைய பணத்தையும் இங்கே பதிவு செய்த சங்கத்தின் கணக்கில் சேர்த்து, சங்கத்தின் பெயரில் மொத்தமாக அனுப்பினால், அனுப்புவது வெளிநாட்டு அமைப்பு. அப்போது முழுத் தொகையும் வெளிநாட்டு நன்கொடைதான், போட்டவர் இந்தியரா என்பது பேச்சே இல்லை. இதைத் தெரியாமல் அனுப்பி, வாங்கிய ஊர் அறக்கட்டளை விளக்கம் கொடுத்து அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் நாங்கள் ரெண்டு வாய்க்காலாகப் பிரித்துவிட்டோம். இந்தியக் குடிமக்கள் ஒவ்வொருவரும் தங்கள் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) தனித்தனியாக ஊரில் உள்ள அமைப்பின் கணக்குக்கு அனுப்புகிறார்கள். அந்த அமைப்பு பதிவு பெற்றதாக, வருஷா வருஷம் தணிக்கை செய்வதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள், எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள். அந்த நிறுவனமே நேரடியாக வேலையைச் செய்ய வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. டில்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் திறந்த கணக்கில்தான் பணம் வாங்க முடியும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. புதிதாகப் பதிவு வாங்குவதும் சுலபமில்லை, மூன்று வருஷம் இயங்கி, 15 லட்சம் ரூபாய் செலவு செய்து காட்டியிருக்க வேண்டும். ஆக நீங்களே ஓர் அறக்கட்டளை தொடங்கி உடனே வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். கடனாகக் கொடுத்து வாங்கும் பகுதியை அறக்கட்டளை தன் பெயரில் செய்யாமல், மகளிர் கூட்டமைப்பின் உள்கடன் வழக்கத்தின்படி நடத்துவது நல்லது. ஊரில் ஒரு தணிக்கையாளரை முதலிலேயே அமர்த்தி, தீர்மானத்தின் வாசகத்தை அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் வழியில் அனுப்பினால் வெள்ளிக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த வழியில் ஒரு காசுகூடப் போகக் கூடாது. ரெண்டு நாட்டிலும் குற்றம் என்பது ஒரு பக்கம். வங்கிச் சுவடு இல்லாத பணத்துக்கு ஊரில் யாரும் கணக்கும் காட்ட மாட்டார்கள்.

தொண்டு நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ளவர்கள் ஒவ்வொரு வருஷமும் தாக்கல் செய்யும் கணக்கு முன்பு அரசு இணையதளத்திலேயே இருந்தது, 2022ல் எடுத்துவிட்டார்கள், ஆகவே அதை அவர்களிடமே கேட்டு வாங்கிப் படியுங்கள். முடிந்த வீட்டின் படத்தைக் காட்டுவார்கள். நீங்கள் பாதியில் நிற்கும் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அது ஏன் நிற்கிறது, எப்போது முடியும் என்று நேர்மையாகச் சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கலாம். நிலத்தைப் பற்றிப் பேசாமல் வீட்டைப் பற்றி மட்டும் பேசுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நம் தஞ்சை நாகை மண்ணில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1968 கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு அங்கேயே தங்கி, 1981ல் உழுபவருக்கு நிலம் கிடைப்பதற்காக லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் கேட்டது கூலிக்காரப் பெண்களின் பெயரில் நிலம். வீடு அதற்கப்புறம்தான் வந்தது, அதற்கான செங்கலையும் அந்த மக்களே அறுத்தார்கள். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

பட்டா விஷயத்தை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊரில் உண்மையான ஏழைகள் அரசுப் பட்டியலிலேயே இல்லாமல் போவது இதனால்தான். புறம்போக்கில் இருப்பவர், கோயில் அடிமனையில் இருப்பவர், பண்ணையார் கொல்லையில் தலைமுறையாகக் குடியிருப்பவர், இவர்களுக்குப் பட்டா இல்லை, ஆகவே வீடும் இல்லை. விவசாயத் தொழிலாளர் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்க 1971லேயே தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் வந்தது. ஐம்பது வருஷம் தாண்டியும் அதில் பட்டா வாங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் பணத்தில் முதலில் தேவைப்படுவது சிமெண்ட் இல்லை. மனு எழுதி, வி.ஏ.ஓ.விடமும் தாசில்தாரிடமும் நடையாய் நடந்து, அளவையருக்காகக் காத்திருக்க ஓர் ஆளுக்குச் சம்பளம். தானத்துக்கு ஒதுக்கும் மூன்று லட்சத்திலிருந்து முப்பதாயிரத்தை இதற்கு எடுங்கள். ஒரு சுவர்கூட எழும்பாது, படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. ஆனால் எங்கள் ஊரில் அப்படிப் பட்டா வாங்கிய ஐந்து குடும்பத்தில் மூன்றுக்கு அடுத்த பட்டியலில் வீடு வந்துவிட்டது.

எங்கள் கூட்டத்தில் சிலருக்கு ஒரு மனக்குறை இருந்தது. முழு வீடு கட்டிக் கொடுத்தால் சுவரில் சங்கத்தின் பெயரைப் பதிக்கலாம், இதில் எதுவும் இல்லையே என்றார்கள். வேலை அனுமதியில் விடுதியில் தங்கி, மிகைநேரம் பார்த்து, அந்த ஐம்பது வெள்ளியை எடுத்து வைப்பவர் தன் பெயரை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பே இல்லை. நாங்கள் செய்தது இது: ஒவ்வொரு ஆடியிலும் மகளிர் கூட்டமைப்புக் கூட்டத்தில் நோட்டைத் திறந்து, யார் எவ்வளவு போட்டார், யாருக்குப் போனது, எவ்வளவு திரும்பியது என்று ஒலிபெருக்கியில் வாசிக்கச் சொல்கிறோம். மொய் வாசிப்பது போலவே. இங்கே இருக்கும் 20 பேர் பெயரும் ஊர் காதில் விழுகிறது. கணக்கும் அதே நேரத்தில் எல்லார் முன்னாலும் தணிக்கையாகிவிடுகிறது.

அடுத்த விடுப்பில் உங்களில் யார் முதலில் ஊருக்குப் போகிறாரோ அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு ஆணை வாங்கியவர்கள் பட்டியலை வாங்கி, மகளிர் கூட்டமைப்புத் தலைவி அக்காவையும் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கட்டும். எத்தனை வீடு கடைக்காலோடு நிற்கிறது, எத்தனை வீடு லிண்டலோடு, எத்தனை பேர் தொடங்கவே இல்லை, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். அந்த நோட்டு வந்த பிறகு மறுபடி எழுதுங்கள் தம்பி, முதல் ஏழு பேரை எப்படி வரிசைப்படுத்துவது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.